அத்தை புடவையும் ஆறு வரிப் பெல்ட்டும்

எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி ஓய்ந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும் நேரத்தில், அப்பாவிடம் யாராவது கார் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். "எண்பத்தொண்ணுல, எட்டயபுரம் ரோட்டுல, உச்சி வெயில்ல ஃபேன் பெல்ட் அந்து போச்சு. நானே பொடவையக் கிழிச்சு, நானே முறுக்கி, நானே கட்டி, தூத்துக்குடி வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன்." கேட்பவர்கள் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு "அடேயப்பா" என்பார்கள். அம்மா மட்டும் சரியாக அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குள் போய்விடுவார்.

அந்தக் கதையில் மூன்று 'நானே' வரும். மூன்றும் பொய். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ரேடியேட்டருக்கு ஊற்றிய தண்ணீர்க் கூஜா என் கையில்தான் இருந்தது.

விருதுநகரில் அப்பாவுக்குப் பருப்பு மண்டி. வியாபாரம் கொஞ்சம் நிமிர்ந்த 1977-ல் ஒரு மார்க் 2 அம்பாஸிடரை மூன்றாம் கையாக வாங்கினார். இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்று பிறந்து, அங்கே எல்லோரும் அதை மறந்துபோன பிறகும், வங்காளத்து உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை விடாமல் செய்துகொண்டிருந்த வண்டி அது. எங்களுடையது ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். டிக்கியில் ஜாக்கி, இரண்டு ஸ்பானர், தேங்காய்நார்க் கயிறு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு கருங்கல், ஒரு ஸ்பேர் பெல்ட் எப்போதும் கிடக்கும். இவை இல்லாமல் வெளியூர் கிளம்புவது செருப்பில்லாமல் கிளம்புவதைப் போல.

பெல்ட் மாற்றுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. வீட்டு வாசலிலேயே நடக்கும். பானெட்டைத் தூக்கியதும் தெருவுக்குத் தகவல் போய்விடும். எதிர்வீட்டு வாத்தியார் பல் குச்சியோடு வருவார். பால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்பார். காரே இல்லாதவர்களுக்குத்தான் கார் ரிப்பேரில் அபிப்பிராயம் அதிகம். வேலை என்னவோ சின்னதுதான். டைனமோவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். டைனமோவை எஞ்சின் பக்கமாகத் தள்ளினால் பெல்ட் தொளதொளக்கும். அதை ஃபேன் இறக்கைகளின் மேலாக ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துவிட்டு, புதியதை அதே வழியில் உள்ளே விட்டு, கிராங்க் புல்லி, வாட்டர் பம்ப் புல்லி, டைனமோ புல்லி மூன்றிலும் ஏற்ற வேண்டும். பிறகு ஜாக்கி ராடைக் கொடுத்து டைனமோவை வெளிப்பக்கம் நெம்பிப் பிடித்துக்கொண்டே போல்ட்டை முறுக்க வேண்டும். கடைசியில் அப்பா கட்டைவிரலால் பெல்ட்டின் நடுவில் அழுத்திப் பார்ப்பார். அரை அங்குலம் அமுங்க வேண்டும். அதற்கு மேல் அமுங்கினால் பெல்ட் வழுக்கி பேட்டரி சார்ஜ் ஏறாது. குறைந்தால் டைனமோ பேரிங் போய்விடும். "மாட்டுக்குத் தும்பு கட்டுற மாதிரிதான்டா. இறுக்கவும் கூடாது, விடவும் கூடாது" என்பார். மாடு வைத்திருந்த அனுபவம் அவருக்குக் கிடையாது.

பெல்ட் கிடைக்காத பிரச்சினை எங்கள் பக்கம் இருந்ததில்லை. மதுரை கோச்சடையிலேயே ஃபென்னர் கம்பெனி பெல்ட் செய்துகொண்டிருந்தது. மாவு மில், கிணற்று மோட்டார், கார் எல்லாவற்றுக்கும் அங்கிருந்து வரும் கருப்பு வளையம்தான். மண்டி பக்கத்துக் கடையில் ஆணியில் மாலை மாலையாகத் தொங்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில 'வி' எழுத்தின் வடிவம். பள்ளத்தில் ஆப்பு மாதிரி இறங்கிப் பிடித்துக்கொள்ளும். இழுக்க இழுக்கப் பிடி இறுகும். அதன் சூத்திரமே அவ்வளவுதான்.

இனி எட்டயபுரம். தங்கைக்குக் காது குத்த திருச்செந்தூர் போகிறோம். முன்சீட்டில் அப்பாவும் நானும். பின்னால் பாட்டி, அம்மா, மடியில் தங்கை. தூத்துக்குடியில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, குடும்பத்தோடு கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு. கோவில்பட்டி தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. டைனமோ சுற்றவில்லை என்று அதற்கு அர்த்தம். அப்பா அதன் மேல் திருநீற்றுப் பொட்டலத்தைச் சாத்தி வைத்து மறைத்தார். பத்து நிமிஷத்தில் பானெட் இடுக்கு வழியாக ஆவி வந்தது. இரண்டு பக்கமும் கரிசல் காடு, மே மாதம், ஒரு உடைமரம்.

டிக்கியைத் திறந்தபோதுதான் ஸ்பேர் பெல்ட்டை முந்தின வாரம் சித்தப்பா வாங்கிப் போனது அப்பாவுக்கு நினைவு வந்தது. சித்தப்பாவின் குணநலன்கள் பற்றி ஒரு கால் மணி நேரம் பேசினார். அதற்குள் தீப்பெட்டி பண்டல் ஏற்றிய லாரி ஒன்று தானாகவே நின்றது. அந்தக் காலத்தில் பானெட் திறந்து நின்றால் லாரிகள் நிற்கும். கிளீனர் பையன் குதித்து இறங்கி வந்தான். பதினைந்து வயதிருக்கும். எட்டிப் பார்த்தான். "மொதலாளி, நைலான்ல ஏதாச்சும் துணி இருக்கா? பருத்தின்னா ரெண்டு மைலு தாங்காது" என்றான்.

அம்மா கட்டியிருந்தது சுங்குடி. பாட்டி உடுத்தியிருந்ததும் பருத்திச் சேலைதான். வண்டிக்குள் இருந்த ஒரே நைலான், அத்தைக்குச் சீராகக் கொடுக்க வாங்கி, மஞ்சள் தடவி, பையில் வைத்திருந்த நைலெக்ஸ் புடவை. இளநீலத்தில் ரோஜாப்பூ போட்டது. நைலெக்ஸ் மவுசு அப்போதே இறங்கிப்போயிருந்தது. அதனால்தான் அம்மா அதை அத்தைக்கு எடுத்தார் என்பது கடைசிவரை பாட்டியின் கட்சி. அம்மா பையைத் திறந்து புடவையை எடுத்து, பல்லால் ஓரத்தைக் கடித்து, சர்ரென்று நீளவாக்கில் ஒரு கிழி கிழித்தார். ஒரு விநாடி யோசித்திருந்தால்கூடப் பின்னால் இவ்வளவு பேச்சு வந்திருக்காது.

பையன் கிழிசலை முறுக்கிக் கயிறாக்கினான். டைனமோவை விட்டுவிட்டு, கிராங்க் புல்லிக்கும் வாட்டர் பம்ப் புல்லிக்கும் மட்டும் சேர்த்துக் கட்டினான். பகல்தானே, பேட்டரியில் இருக்கிற சார்ஜ் பற்ற வைக்கப் போதும். தண்ணீரும் ஃபேனும் சுற்றினால் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும் என்று விளக்கினான். முடிச்சைப் பள்ளத்துக்குள் அடங்குகிற மாதிரித் தட்டையாகப் போட்டு, மிச்ச முனைகளைப் பல்லால் கடித்து எறிந்தான். அப்பா அத்தனை நேரமும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பங்களிப்பு அதுதான். அஞ்சு ரூபாய் கொடுத்தார் என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

லாரி சாத்தூர்ப் பக்கம் போய்விட்டது. நாங்கள் தூத்துக்குடி போய்ச் சேருவதற்குள் அந்தப் பெல்ட் மூன்று முறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிக் கட்டியது அம்மா. முடிச்சு ஒரே தடவையில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. தினம் பூக்கட்டுகிற கை. புடவை ஆறு கெஜம் இருந்ததால் சரக்குக்குக் குறைவில்லை. தூத்துக்குடியில் ஒரு கடையைத் தட்டி நிஜ பெல்ட் வாங்கி மாட்டி, காது குத்தி, மொட்டை போட்டு, எல்லாம் முடிந்தபின் அத்தை, "மதினி, பொடவை எங்க?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் பாட்டி சொன்னார்: "ஒனக்கு எடுத்தத வண்டிக்குக் கட்டிவிட்டுட்டா." அத்தை எங்கள் வீட்டு வாசல் மிதிக்க இரண்டு வருஷம் ஆயிற்று.

அப்பாவின் கதையில் ஆரம்பத்தில் அந்தக் கிளீனர் பையன் இருந்தான். தங்கை வயதுக்கு வந்த விசேஷத்தில், "நானும் ஒரு பையனுமா" என்றார். என் கல்யாணத்தின்போது பையன் இறங்கிப்போய்விட்டான். அம்மா அந்தக் கதைக்குள் ஏறவே இல்லை.

இப்போது நான் சென்னை மடிப்பாக்கத்தில், நாலு மாடி அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். 2013 மாடல் டீசல் கார். பெயர் வேண்டாம், அதன் மேல் எனக்குப் புகார் இல்லை. போன மார்கழியில் காலை ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் 'கீச்' என்று ஒரு சத்தம். பூனை வாலை மிதித்த மாதிரி. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் டேப்லெட் வைத்திருந்த தம்பி ஒருவர், "பெல்ட், டென்ஷனர், ஐட்லர் புல்லி மூணையும் சேர்த்து மாத்திரலாம் சார்" என்று எஸ்டிமேட் போட்டார். ரூ.6,200. குனிந்து பெல்ட்டைப் பார்த்தேன். ஒரு கீறல், ஒரு வெடிப்பு இல்லை. நல்ல பெல்ட்டை மாற்றச் சொல்லி ஏமாற்றப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். எட்டயபுரத்து ரத்தம் அல்லவா? "நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெடிப்பு இல்லாததற்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்துப் பெல்ட் நியோப்ரீன் ரப்பர்; வயதானால் பாளம் பாளமாக வெடித்துக் காட்டிக்கொடுக்கும். இப்போது வருவது ஈபிடிஎம் என்ற வேறு ரப்பர். அது லேசில் வெடிக்காது. டயர் மாதிரி வரிகளுக்கு நடுவில் சத்தமில்லாமல் தேயும். பள்ளத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தால்தான் புரியும். பார்வைக்குக் குறையில்லாமலே சாகிற பெல்ட்.

இந்தப் பெல்ட்டுக்குப் புத்தகத்தில் சர்பென்டைன் பெல்ட் என்று பெயர், பாம்பு மாதிரி நெளிந்து போவதால். 1970-கள் வரை அமெரிக்கக் கார்களில் டைனமோவின் வாரிசான ஆல்டர்னேட்டருக்கு ஒன்று, பவர் ஸ்டியரிங்குக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என்று தனித்தனி வி பெல்ட்டுகள் இருந்தன. உள்ளே இருப்பது அறுந்தால் வெளியே இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும். 1979 மாடல் ஃபோர்டு முஸ்டாங்கில்தான் எல்லாவற்றுக்குமாக ஒரே நீளப் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் டென்ஷனர் என்று வந்தது. வெளியே கூட்டுக்குடும்பம் உடைந்துகொண்டிருந்த காலத்தில் பானெட்டுக்குள் கூட்டுக்குடும்பம் சேர்ந்திருக்கிறது. கூட்டுக்குடும்பத்தின் வசதியும் அதன் கஷ்டமும் சேர்ந்தேதான் வந்தன. ஒன்று அறுந்தால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் கையை விரிக்கும். பையிலிருந்து உருவிக் கட்ட எந்தப் புடவையும் உதவாது. அத்தனை புல்லிகளையும் சுற்றிவர ஒன்றே முக்கால் மீட்டர் வேண்டும், அதுவும் வரிவரியாக.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் போய் "சர்பென்டைன் பெல்ட்" என்றேன். கடைப்பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி என்னைப் பார்த்தார்.

"ஃபேன் பெல்ட்டா சார்?"

"இந்த வண்டியில ஃபேன் கரண்ட்ல ஓடுதுங்க. பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் சம்பந்தமே கிடையாது."

"அது பெல்ட்டுக்குத் தெரியும் சார். கஸ்டமருக்குத் தெரியாதே" என்றபடியே ஒன்றை எடுத்து வைத்தார்.

முதுகில் எழுதியிருந்தது 6பிகே, பின்னால் நாலு இலக்கம். ஆறு என்பது வரிகளின் எண்ணிக்கை, பிகே என்பது வரியின் அளவு, நாலு இலக்கம் மில்லிமீட்டரில் நீளம். ஏசி உண்டா, எந்த வருஷம், எந்த எஞ்சின் என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். ரூ.1,150. அங்கிருந்து பக்கத்துக் கடைக்குப் போய் டென்ஷனரை நெம்ப நீளக் கைப்பிடி போட்ட பிரேக்கர் பார், சாக்கெட்டோடு ரூ.1,900. வண்டியைத் தூக்கி நிறுத்த ஜாக்கி ஸ்டாண்டு ஜோடி ரூ.1,600. அப்பாவின் இரண்டு கருங்கல்லை விருதுநகரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வேலையை வீடியோவில் பார்த்துப் படித்தேன். அமெரிக்காவில் ஒருவர், மாட்டுத்தொழுவம் அளவு கேரேஜில், பானெட்டுக்குள் ஒரு ஆள் உட்காரலாம் போன்ற பெரிய லாரியில் பதினோரு நிமிஷத்தில் மாற்றிவிட்டுக் காபி குடிக்கிறார். என் காரில் எஞ்சின் குறுக்கே கிடக்கிறது. பெல்ட் இருக்கும் பக்கத்துக்கும் தகரத்துக்கும் நடுவே உள்ளங்கை நுழையும் இடம்தான். வலது முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் சேறு தடுக்கும் பிளாஸ்டிக்கையும் கழற்றினால்தான் பெல்ட் தரிசனமே கிடைக்கும். பெல்ட் போகும் பாதையைக் காட்டும் ஸ்டிக்கர் என் வண்டியில் உரிந்துபோயிருந்தது. கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எடுத்தேன். என் கட்டைவிரல் மிகத் தெளிவாக விழுந்திருந்தது.

எங்கள் பார்க்கிங் தரைக்கு அடியில். ஆள் அசைந்தால் எரியும் விளக்கு. காருக்கு அடியில் கிடப்பவனின் அசைவு அதன் கணக்கில் வராது. மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை இருட்டு. விளக்குக்காகக் கையை ஆட்டத்தான் காலேஜில் படிக்கும் மகளைக் கூப்பிட்டேன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். வந்தவள் முதலில் பழைய பெல்ட் எந்தெந்தப் புல்லியில் எந்தப் பக்கமாகப் போகிறது என்று ஒரு கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டாள். வரி போட்ட பக்கம் வரி போட்ட புல்லியில், வழவழ முதுகு வழவழ புல்லியில் என்று அவளே கண்டுபிடித்து எழுதினாள். இந்த விதி பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும் என்று பிறகு தெரிந்தது.

வேடிக்கை பார்க்க யாரும் வரவில்லை. மூன்றாம் மாடிக்காரர் லிஃப்டிலிருந்து வெளியே வந்து, என் கால்களை மட்டும் பார்த்துவிட்டு, தன் காரில் ஏறிப் போனார். மாலைக்குள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், 'பார்க்கிங்கில் வாகனப் பழுது வேலைகள் செய்யலாகாது' என்ற விதி யாருக்கென்று சொல்லாமல் பதிவாகியிருந்தது.

டென்ஷனரை நெம்பினால் ஸ்பிரிங் எதிர்த்து நிற்கிறது. இரண்டு கையாலும் தொங்கிப் பிடித்தால்தான் பெல்ட் தளரும். அப்புறம் அதைக் கழற்ற மூன்றாவது கை வேண்டும். அது மகளுடையது. புதியதையும் அவள்தான் கீழிருந்து மேலே விட்டு, ஆல்டர்னேட்டரில் ஏற்றினாள். என் கை அந்த இடுக்கில் நுழையவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்தேன். கீச் சத்தம் வந்தது. கூடவே ரப்பர் வாசனையும். ஐந்தாவது நிமிஷம் ஆறு வரியில் ஒரு வரி, இடியாப்பம் போல உரிந்து வெளியே தொங்கியது. அணைத்துவிட்டு, அவள் போனை உள்ளே விட்டு வீடியோ எடுத்துக் காட்டினாள். "ப்பா, ஆல்டர்னேட்டர்ல உள்பக்கம் ஒரு பள்ளம் காலியா இருக்கு. வெளியில ஒரு வரி தொங்குது பாருங்க." டென்ஷனரை விடுமுன் ஒவ்வொரு புல்லியிலும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். "சரியா உக்காந்துடுச்சா?" என்று அவள் அப்போதே கேட்டாள். "விடு, எனக்குத் தெரியும்" என்றவன் நான்.

மறுபடி ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, மறுபடி ரூ.1,150. முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. அதுவே போதுமான கேள்வி. இந்தமுறை அவள் எண்ணினாள், நான் தொங்கினேன். பெல்ட் சரியாக உட்கார்ந்தது. ஸ்டார்ட் செய்தேன்.

கீச்.

சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறதாம். எஞ்சின் ஓடும்போது, கையையும் துணியையும் எட்ட வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் சற்று நின்று திரும்ப வந்தால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை. கூடினால் பெல்ட் வழுக்குகிறது. மாற்றமே இல்லையென்றால் பெல்ட்டில் குற்றமில்லை, ஏதோ ஒரு பேரிங். இதை முதலில் செய்ய வேண்டுமாம். நான் கடைசியில் செய்தேன். மாற்றமே இல்லை. ஒர்க்‌ஷாப் தம்பி ஐட்லர் புல்லியின் பேரிங்கை மாற்றி ரூ.1,950 வாங்கினார். "அன்னைக்கே சொன்னேனே சார்" என்று அவர் சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு. மொத்தம் ரூ.7,750. எஸ்டிமேட்டைவிட ரூ.1,550 அதிகம் செலவழித்து மிச்சம் பிடித்திருக்கிறேன். டென்ஷனரை இன்னும் மாற்றவில்லை.

போன மாதம் விருதுநகரில் சித்தப்பா பேரனின் கல்யாணம். பந்தி ஓய்ந்த நேரம். யாரோ கார் என்றார்கள். "இப்பல்லாம் யாரு வீட்லயே பெல்ட் மாத்துறா? நானே சக்கரத்தக் கழட்டி, நானே டென்ஷனர நெம்பி, நானே மாட்டினேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்து ஐஸ்கிரீம் வாங்கப் போனாள்.

பிரேக்கர் பார் இரண்டே இரண்டு முறைதான் உபயோகித்தது. துரு இல்லை. மடிப்பாக்கம், நங்கநல்லூர்ப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளலாம், பாதி விலை. வருகிறவர்கள் மகள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வரவும். அது எங்கே இருக்கிறதென்று அவளுக்குத்தான் தெரியும்.